ஜன்னலில் சிவப்பு விளக்கு

மினசோட்டாவின் காலை வெயிலில் மார்வாவின் வீடு உள்ளுக்குள்ளேயே மின்னுகிறது. குழாய் வெடித்து மாடியிலிருந்து வழிந்த தண்ணீர் படிக்கட்டில் வெள்ளைத் திரையாக உறைந்து நிற்கிறது. கொக்கியில் தொங்கும் கோட்டின் கைகள் கட்டையாக விறைத்திருக்கின்றன. தெருப்பக்க ஜன்னலில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஹீட்டர் நின்று வீடு குளிர்ந்தால் தானாக எரியும் விளக்கு அது. எரிந்தால், குளிர்காலத்துக்கு ஃபுளோரிடா போய்விட்ட மார்வாவுக்குப் போன் செய்ய வேண்டியது எதிர்வீட்டு ஆர்விடின் பொறுப்பு.

“ஒரு வாரமா எரிஞ்சிருக்கு. ஏன் சார் கூப்பிடல?” காப்பீட்டுக் கம்பெனியின் கோலீன் படிவத்தை விரிக்கிறாள்.

“அவங்கதான் விளக்குப் பக்கத்துலயே நின்னாங்களேம்மா! திரும்பி வந்துட்டாங்கன்னு நெனச்சேன். தினம் கையாட்டுவேன். அவங்களும் ஆட்டுவாங்க.”

“அவங்க ஃபுளோரிடாவ விட்டு நகரவே இல்ல சார். நேத்துகூடப் போன்ல பேசினேன்.”

ஆர்விட் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டுகிறார். “அப்ப கிழவனுக்குக் கண்ணு போச்சுன்னு எழுதிக்கோ.”

‘வீட்டில் யாராவது இருந்தார்களா?’ என்ற கேள்வியில் கோலீனின் பேனா நிற்கிறது. ஆளில்லாமல் உறைந்த வீட்டுக்கு இழப்பீடு கிடையாது; இல்லை என்று எழுதினால் மார்வாவுக்குச் சல்லிக்காசு கிடைக்காது. அவள் ஜன்னலைப் பார்க்கிறாள். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க வெண்பனி. விளக்கருகே, ஆள் நின்றால் முகம் வரும் உயரத்தில் மட்டும், வாயால் ஊதியதுபோல் ஒரு வட்டம் கரைந்து, இன்னும் ஈரமாக வடிந்துகொண்டிருக்கிறது.