மூன்று வீட்டுத் தண்ணீர்

மூன்றாவது வீட்டிலும் வெள்ளைச்சாமி தண்ணீர் கேட்டபோது வேம்புவுக்கு மானமே போயிற்று. அதுவும் மயிலாப்பூரில், தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில், லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில்.

"பாவம், காய்ஞ்ச ஊர்க்காரர்," என்று அந்த வீட்டு சாருலதாவிடம் சமாதானம் சொன்னார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை டம்ளர் கொண்டுவந்தாள்.

வெள்ளைச்சாமி, சிவகங்கைப் பக்கம் கொன்றையேந்தலின் ஊர்த்தலைவர். நாற்பது வீடு, நாலு பனை, பாண்டியர் காலக் கல்வெட்டோடு ஓர் ஊரணி. அவ்வளவுதான் ஊர். பாரம்பரியக் கழகச் செயலாளரான வேம்பு போன மாதம் காரில் போய், அரை மணி நேரம் கல்வெட்டைப் படம் பிடித்துவிட்டு, அந்த ஊரைத் தத்தெடுப்பதாகத் தண்டோரா போட்டிருந்தார். சொந்தத் தெருவில் அடிபம்பு ரிப்பேராகி ஆறு மாதம். உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையம் போய் உடும்பு பிடித்த கதைதான்.

சாயங்காலம் சபாவில் ஒரு ஜட்ஜ் தலைமையில் விழா. 'தாகத்தில் தவிக்கும் கிராமம்' என்று பேனர் கட்டியாகிவிட்டது. வெள்ளைச்சாமி தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வேம்பு கழகத்தின் அடுத்த தலைவர். போடாவிட்டால் இருக்கிற பதவியும் போய்விடும்.

வெள்ளைச்சாமி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"ஏன் ஒவ்வொரு ஆத்துலயும் கேட்டுண்டு? நம்மாத்துலயே குடிக்கலாமே," என்றார் வேம்பு.

"எங்க பக்கம் ஒறவு வைக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் தெருவுல மூணு வீட்டுத் தண்ணியக் குடிச்சுப் பாப்போம்ங்க. அது வழக்கம்."

வேம்பு உருகிப்போனார். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

வீட்டுக்கு வந்ததும் பத்திரத்தை நீட்டினார். வெள்ளைச்சாமி பேனாவை வாங்கவில்லை.

"எங்க ஊரணியில இந்தக் கோடையிலயும் ரெண்டாள் ஆழம் தண்ணி கெடக்குங்க. வருசா வருசம் வீட்டுக்கு ஓராள் எறங்கித் தூர் வாருறோம். கல்லுல அதத்தான் எழுதிருக்குன்னு நீங்கதான படிச்சுச் சொன்னீக?"

"அதுக்கென்ன இப்போ? கையெழுத்தைப் போடுங்கோ, ஜட்ஜ் வந்துடுவார்."

"போடுறேன். பேர மட்டும் மாத்தி எழுதுங்க. ஒங்க தெருவ நாங்க தத்தெடுத்துக்கிறோம்."