காட்டுக்குத் திரும்பிய கட்டை

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் காலமெல்லாம் கிடந்த தேக்குக் கட்டையைப் பெஞ்சாக்கி, அது பிறந்த காட்டிலேயே கொண்டுவந்து போட்டார்கள். காட்டைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

"இந்தக் காட்டை வெட்டித்தான் ரயில் பாதை போட்டாங்க. அந்தக் காலத்து மரம் ஒண்ணுகூட இப்ப இல்லை" என்றார் வழிகாட்டி.

"நான் இருக்கேனே!" என்று கத்தியது பெஞ்சு. யார் காதில் விழும்? வானம் இருட்டிக்கொண்டு வர, எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள்.

முட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் எறும்பு மட்டும் நின்றது. "நீயா கத்துனே?"

"ஆமாம். நானும் இந்தக் காட்டு மரந்தான். சொன்னா யாரு நம்புறாங்க?"

எறும்பு பெஞ்சின் அடியில் இருந்த பழைய ஆணி ஓட்டைக்குள் நுழைந்து பார்த்தது. பிறகு தலையை நீட்டி, பின்னால் வந்த வரிசையைக் கூப்பிட்டது:

"வாங்கடி, இந்த மரத்துல இடம் இருக்கு!"