கட்டாய விடுதி

கல்லூரிக்கு எதிரிலேயே வீடு. ஆனாலும் விடுதியில்தான் தங்க வேண்டுமாம்! செங்கல்பட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரி வார்டனிடம், நரைத்த மீசை துடிக்கப் பொரிந்து தள்ளினார் கன்னியப்பன்.

“இன்னாம்மா சட்டம் இது? அதுக்கு இருட்டுன்னா பயம். உங்க மெஸ் சோறும் ஒத்துக்காது.”

“எல்லா அப்பாக்களும் இதையேதான் சொல்றாங்க. போகப் போகப் பழகிடும், பெரியவரே.”

“அப்பாவா? வேதவல்லியோட புருசன்மா நான்! ஒரு வாரமா ஓட்டல்ல ஓரணா இட்லியத் தின்னு வவுறு பேஜாரா கீது. வேட்டி தோய்க்கக்கூட ஆளில்ல.”

வார்டன் விழித்தார். “கல்யாணமானவங்க வீட்லயே தங்கலாமே! சேரும்போதே வேதவல்லிகிட்ட சொன்னேனே!”

“சொன்னீங்களா? அதுக்கு அது இன்னா சொல்லிச்சு?”

“‘எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்’னு…” என்ற வார்டன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.