கடைசியாக வந்தவர்

"கடைசியா வந்தது நீங்கதான், தம்பி. அப்ப இன்னைக்குப் பிடிக்க வந்தவரும் நீங்கதான்."

கெல்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் கால் வைப்பதற்குள் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

அந்த வீட்டைச் சுற்றிக்காட்டும் வில்லா மே அவன் தலையில் ஒரு பழைய தொப்பியைக் கவிழ்த்தாள். "முழிக்காதீங்க. இந்த வீட்டைச் சுத்திப் பார்க்க வர்றவங்கள்ல கடைசி ஆளுக்கு இந்த வேஷம். அடிமைத்தனத்துல இருந்து தப்பி, ஆத்தைத் தாண்டி ஓடி வந்தவங்களை ஒளிச்சு வச்ச வீடு இது. அவங்களைப் பிடிக்க வந்தவன் விட்டுட்டுப் போன தொப்பிதான் உங்க தலையில இருக்கு."

"நான் சுத்திப் பார்க்க வரலைங்க. அக்கரை முதியோர் இல்லத்துல வேலை பார்க்கிறேன். உங்க மாமா ஆம்புரோஸைக் காணோம்."

"மறுபடியுமா? எண்பத்தாறு வயசாகியும் அந்தக் கால் ரெண்டும் சும்மா இருக்காதே."

வருடம் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் இது மூன்றாவது ஓட்டம். கிளீவ்லேண்டில் இருக்கும் அக்காவுக்கு நாளை தொண்ணூறாவது பிறந்தநாள் என்று ஒரு மாதமாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார் கிழவர். மகன் கையெழுத்து இல்லாமல் விடமுடியாது என்றார் மேலாளர். மகனோ எங்கோ கப்பலில். இன்று, சனிக்கிழமை காலை, பதினான்காம் அறை காலி. 'ஞாயிறு ராத்திரிக்குள்ள ஆளோட வா. இல்லைன்னா நீயும் வராதே' என்று மேலாளர் கெல்வினிடம் சொல்லிவிட்டார்.

"வீட்டைக் கொஞ்சம் தேடிப் பார்க்கலாமா?"

"தாராளமா. அதுக்குத்தானே தொப்பி? மூலை முடுக்கு விடாதீங்க. சரியாத் தேடலைன்னா டிக்கெட் வாங்கினவங்க என்னைத்தான் கோச்சுக்குவாங்க."

கிளீவ்லேண்ட் தேவாலயச் சபையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் பதினைந்து பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் வேஷத்துக்காகக் கறுப்பு உடுத்தி, அவன் பின்னாலேயே கூட்டமாக வந்தார்கள்.

நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகள். ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்தான்.

"பிடிக்க வந்த ஐயாவே, அப்படியே என் மூக்குக்கண்ணாடியையும் தேடிக் குடுங்க" என்றார் தடித்த ஒருவர். பெண்கள் சிரித்தார்கள்.

சமையலறையில் வில்லா மே தரைப்பலகையைத் தூக்கினாள். கீழே ஒரு குழி. கெல்வின் உள்ளே இறங்கிப் படுத்துப் பார்த்தான். தோள் இரண்டும் மண்ணில் உரசின.

"இதுக்குள்ள நாலு பேர். ஒன்பது நாள். அதுல ஒருத்தி கைக்குழந்தையோட" என்றாள் வில்லா மே.

யாரும் சிரிக்கவில்லை. கெல்வின் மெதுவாக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். தொப்பி சட்டென்று கனத்தது போல இருந்தது.

பரணில் சிலந்திவலை. புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு செத்த எலி. ஆம்புரோஸ் மட்டும் இல்லை.

முற்றத்துக்கு வந்தபோது குதிரை வண்டி நின்றிருந்தது. அதில் ஒரு சவப்பெட்டி.

"கடைசியில இதுதான் எங்க வழக்கம். ஊர்வலமா மேட்டுச் சபைக்குப் போவோம். இவங்க பஸ்ஸும் அங்கதான் நிக்குது" என்றாள் வில்லா மே.

கெல்வினின் கண்கள் பளிச்சிட்டன. ஆளடங்கும் நீளம். "பெட்டியைத் திறங்க."

"துக்க வீட்டுல பெட்டியைத் திறக்கச் சொல்றது நல்லாவா இருக்கு?"

"திறங்கம்மா."

அவனே ஏறி மூடியை நெம்பினான். உள்ளே மேல்விளிம்பு வரை சோளக்கதிர்கள். கையை விட்டு அடி வரை துழாவினான். சோளம்தான்.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. "இத்தனை வருஷத்துல இவ்வளவு அக்கறையா நடிச்சது நீங்க ஒருத்தர்தான்" என்றாள் வில்லா மே. "அன்னைக்கு வந்தவனும் பெட்டியைத் திறந்தான். அப்புறம் வெக்கப்பட்டு, தொப்பியைக் கழட்டி அந்த வேலியில மாட்டினான். மிச்சக் கதை சபையில."

கெல்வின் காது சிவந்துபோய்த் தொப்பியைக் கழற்றி வேலியில் மாட்டினான். "கதை கேட்க நேரமில்லைங்க. பஸ் நிலையத்துல தேடணும்."

"அதுக்கு முன்னால ஒரு உதவி. விதவைக்கு வண்டிப் படி ஏற முடியலை. கொஞ்சம் தூக்கி விடுங்க."

முகத்தை மூடிய கறுப்பு வலையும் கையுறையுமாக விதவை வேஷக்காரி குனிந்து நின்றாள். செத்துப்போன கணவனுக்காக நிஜமாகவே அழுவது போலத் தோள் குலுங்கியது. நல்ல நடிப்பு. கெல்வின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். கனமே இல்லை. வண்டியில் உட்கார வைத்து, காலில் போர்வையும் போர்த்திவிட்டான். அவள் தன் கைக்குட்டை முடிச்சை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். 'சில்லறை தருகிறாள் போல' என்று பையில் போட்டுக்கொண்டான்.

பஸ் நிலையத்திலும் இல்லை. சாயங்காலம் ஆற்றுப் பாலத்து ஓரத்தில் காரை நிறுத்தியபோது கைபேசி அடித்தது. மேலாளர்.

"எல்லா இடமும் தேடினியா?"

"சவப்பெட்டியைக்கூட விடலை, சார்."

வைத்துவிட்டு, வேலை போய்விடும் கவலையில் வேர்த்த நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தான். முடிச்சு அவிழ்ந்து, 'ஆம்புரோஸ், அறை 14' என்று எழுதிய, வெட்டிய பிளாஸ்டிக் கைப்பட்டை ஒன்று மடியில் விழுந்தது.

கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஆத்துப் பாலத்துல நில்லு, தம்பி, நீயே பிடிச்சுட்டு வந்ததா இருக்கட்டும். அன்னைக்கும் இதே வேஷத்துல இருந்த எங்க முப்பாட்டனை வண்டியில தூக்கி உட்கார வச்சது அந்தத் தொப்பிக்காரன்தான்."