வெறும் தொட்டியின் மூச்சு

"உண்மையச் சொல்லுங்க அங்கிள். பன்னெண்டாம் தொட்டியில தண்ணி ஊத்தினீங்களா?"

"அல்லா மேல சத்தியமா ஒரு சொட்டுகூட ஊத்தலம்மா," என்றார் ஹனீஃப். மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த அந்த ஆராய்ச்சிக் கொட்டகைக்கு அவர்தான் காவல். சாவியும் அவரிடம்தான்.

பொய் சொல்லுகிற மனிதர் இல்லை என்று ராகினிக்குத் தெரியும். அதனால்தான் தலை கிறுகிறுத்தது.

வறண்ட ஊர்களில் விளையும் கம்பைத் தொட்டியில் வளர்த்து, அதன் வேர் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று அளப்பது அவள் வேலை. மலாக்கா மழை சொல்லிக்கொண்டா வரும்? அது உள்ளே வராமலிருக்க மேலே பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தாள். பதினொரு பெரிய தொட்டிகளில் கம்பு. பன்னிரண்டாவதில் வெறும் மண்.

"செடி உள்ள தொட்டி எல்லாம் நல்லாத்தானே இருக்கு? சும்மா கெடக்குற தொட்டிக்குப் போயி ஏம்மா இவ்ளோ கவலப்படுற?"

"அது சும்மா கெடக்கல அங்கிள். மண்ணுக்குள்ள இருக்கிற கிருமிங்களும் மூச்சு விடும். செடி வெச்ச தொட்டியில மண்ணோட மூச்சும் வேரோட மூச்சும் கலந்து வரும். வெறும் மண்ணோட அளவ அதுல கழிச்சாத்தான் வேரு மட்டும் எவ்ளோ விட்டுச்சுன்னு தெரியும்."

"அப்ப இந்தத் தொட்டிதான் முக்கியமா?"

"இது இல்லன்னா மத்த பதினொண்ணும் வேஸ்ட்லா."

ஹனீஃப் தொப்பியைக் கழற்றி, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

ராகினி அளவுப் பெட்டியைப் பன்னிரண்டாம் தொட்டியின் மண்மேல் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நிமிடத்தில் எண் வந்தது. நேற்றையதைவிடக் கூடுதல்.

"பாருங்க! ரெண்டு வாரமா இதே கதை. வேரே இல்லாத மண்ணு, கம்பு வெச்ச மண்ணவிட வேகமா மூச்சு விடுது. கழிச்சுப் பார்த்தா வேரோட மூச்சு மைனஸ்ல வருது!"

"மெஷின் கோளாறா இருக்கும்மா."

"மாத்திப் பார்த்துட்டேன். ஈரம் பட்டா மண்ணு வேகமா மூச்சு விடும், ஆனா கூரையும் ஒழுகல. கரையானும் இல்ல."

கவலையோடு கவலையாக அவளுக்குள் ஓர் ஆசையும் எட்டிப் பார்த்தது. ஒருவேளை இது யாரும் இதுவரை கவனிக்காத ஏதாவது புதுச் சங்கதியாக இருந்தால்?

"மூணு மணிக்கு கோலாலம்பூர் ஹெட் ஆபீஸ்லேருந்து மேடம் இதப் பார்க்க வராங்க. காரணம் சொல்லலன்னா என் மூணு மாச உழைப்பு குப்பைக்குப் போகும், வேலையும் போகும். தோண்டிப் பார்த்துட வேண்டியதுதான்."

அவள் கைமண்வெட்டியை எடுத்தாள்.

"தோண்டாதம்மா!"

ஹனீஃப் ஓடிவந்து மண்மேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்தார். இத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதேயில்லை.

"உள்ள என்ன அங்கிள் இருக்கு? உரமா?"

"இல்லம்மா."

"மீன் கழிவு ஏதாச்சும் பொதைச்சீங்களா?"

"சேச்சே! அந்த மாதிரி பேசாதம்மா."

ராகினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்ப வெச்சீங்க? அதையாச்சும் சொல்லுங்க."

"போன மாசம் இருபத்தாறாம் தேதி."

அவள் நோட்டைப் புரட்டினாள். இருபத்தாறு வரை எண்கள் ஒழுங்காக இருந்தன. இருபத்தேழிலிருந்து ஏறிக்கொண்டே போயின. அவள் கண்டுபிடிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போனது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அங்கிள்! அப்படி என்னதான் பொதைச்சீங்க?"

ஹனீஃப் கையை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"என் மக ஜொஹராவுக்கு அன்னிக்குத்தாம்மா பொண்ணு பொறந்துச்சு, எனக்கு மொத பேத்தி. நஞ்சுக்கொடிய ஆஸ்பத்திரியில கையில குடுத்துட்டாங்க. கழுவி, வெள்ளத்துணியில சுத்தி வெச்சுக்கிட்டு, எங்க வழக்கப்படி பொதைக்க மண்ணு தேடுனேன். பத்தாவது மாடி ஃப்ளாட்டுல இருக்கிறவனுக்கு, நாய் தோண்டாத, பூட்டுப் போட்ட மண்ணு இந்த ஊர்ல இது ஒண்ணுதாம்மா தெரிஞ்சுச்சு."