டயர்த் தடம்

விபத்து நடந்த வளைவில், சாலையில் படிந்திருந்த டயர்த் தடத்தை ஆய்வாளர் டேப் பிடித்து அளந்தார். இறந்தவனின் அப்பா பொறுமையிழந்தார்.

"இதுல அளக்க என்ன இருக்கு? காரை வழுக்க விட்டு ஓட்டுறதுக்குப் பேரு டிரிஃப்டிங்காம், அதுக்கு ஒரு போட்டியாம். டயரைத் தேய்க்கிறதெல்லாம் ஒரு திறமையாடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இங்கயும் அந்த வித்தையைக் காட்டித்தான் போய்ச் சேர்ந்தான்."

ஆய்வாளர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"வித்தைதாங்க. லாரி குறுக்கே வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சு, அளவெடுத்த மாதிரி காரைத் திருப்பியிருக்கார். இருபது வருஷத்துல நான் இப்படி ஒரு தடத்தைப் பார்த்ததில்லை."

"அவ்வளவு கெட்டிக்காரன் தப்பிச்சிருக்கணுமே?"

"திருப்பாம விட்டிருந்தா தப்பிச்சிருப்பார். லாரி பக்கத்து சீட்டுலதான் மோதியிருக்கும். தன் பக்கம் மோதட்டும்னு திருப்பியிருக்கார். பக்கத்துல யாருங்க உட்கார்ந்திருந்தது?"

அப்பா குனிந்து அந்தக் கறுப்புத் தடத்தை விரலால் தொட்டார். அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"நான்தான்" என்றார். "அந்த நேரத்துலயும் அவனைத் திட்டிக்கிட்டுத்தான் வந்தேன்."