வெறும் தண்ணீர்

வெறும் தண்ணீரில் ஈயம் இருக்கக் கூடாது. ஆய்வுக்கூடக் கருவியின் திரை ஒன்பது என்று காட்டியது. மெஹருன்னிசா சோதனைக் குழாயை மாற்றிப் புதுத் தண்ணீர் வைத்தாள். கருவிக்குள் எரியும் ஊதா நெருப்பு அதையும் இழுத்துக்கொண்டு எட்டு என்றது. தண்ணீர் பூஜ்யம் காட்டாமல் அடுத்திருக்கும் ரத்தத்தை ஏற்ற முடியாது. நான்கு வயதுக் குழந்தையின் ரத்தம். வலிப்பு நிற்கவில்லை, ஈயம்தானா என்று சொன்னால்தான் மருந்து ஏற்றுவோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள். குழாய்களுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியின் கையில், மேலதிகாரி சங்கரலிங்கம் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. கடைக் குங்குமத்தின் சிவப்பில் ஈயம் கலந்திருக்கலாம். அந்த அறையில் வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் துடைத்திருப்பார்கள். அவள் ஈரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு துடைத்தாள்.

கதவு திறந்தது. சங்கரலிங்கம் அவள் கையிலிருந்த சிவந்த தாளைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தண்ணில ஈயம் வருது சார்."

அவர் குழாய்களின் மேல் குனிந்து தானே புதுத் தண்ணீர் வைத்தார். எண் இறங்கியது. மூன்றுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. போன் மறுபடி அடித்தது. மெஹருன்னிசாவின் பார்வை அவர் நெற்றியிலிருந்த குங்குமத்துக்குப் போய், சட்டென்று தரைக்கு இறங்கியது.

சங்கரலிங்கம் போனை எடுக்கவில்லை. அவளைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"எனக்கும் ஒரு தாள் குடும்மா."